மனசு லயிக்காமல் ஏற்றிய விளக்குக்குப் பலன் உண்டா?

காலை ஐந்தரை மணி. பால் பாக்கெட்டை எடுத்து வந்து அடுப்பில் வைத்தாயிற்று. வாசல் தெளித்து, அபார்ட்மென்ட் என்றால் கதவுக்கு முன்னால் இருக்கிற இரண்டடி இடத்தில் ஒரு சின்னக் கோலமும் போட்டாயிற்று. குளித்துவிட்டு வந்து சுவாமி அறையில் விளக்கேற்றுகிறோம். உதடுகள் ஸ்லோகத்தை முணுமுணுக்கின்றன. ஆனால், மனசு? அது குக்கர் விசிலை எண்ணிக் கொண்டிருக்கிறது. பையனின் யூனிஃபார்ம் காய்ந்துவிட்டதா என்று மொட்டைமாடிக்கு ஓடுகிறது. நேற்று ராத்திரி நாத்தனார் போனில் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறது.

கற்பூரம் அணைந்த பிறகுதான் உறைக்கிறது... 'அடடா! இன்றைக்கும் மனசு லயிக்கவே இல்லையே!'

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கும். எனக்கு அநேகமாகத் தினமும் நேர்கிறது. கோயில்களையும் பூஜைகளையும் பற்றி எழுதுவதுதான் என் வேலை. அப்படியிருந்தும், என் வீட்டு விளக்குக்கு முன்னால் நான் முழுசாக நின்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தக் குற்ற உணர்ச்சியோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து கொள்கிறது. அதே கோலம், அதே விளக்கு, அதே இட்லி, அதே டிபன் பாக்ஸ். வருஷம் முன்னூற்று அறுபத்தைந்து நாளும் ஒரே சுற்று. 'இதனால் நான் சாதித்தது என்ன? செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவதற்குப் பெயர் வாழ்க்கையா?'

மனசு இல்லாமல், வெறும் பழக்கத்தால் செய்கிற காரியத்துக்கு மதிப்பு உண்டா? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது, கோயிலில் அல்ல. ஒரு மாட்டுக் கொட்டகையில்!

எருமைக்குத் தெரிந்த நேரம்

நாமக்கல்லில் இருந்து துறையூர் போகிற சாலையில் இருக்கிறது எருமப்பட்டி. பஸ்ஸில் போகும்போதே கொல்லிமலை கூடவே வருவது போலத் தெரியும். அங்கே என் பெரியம்மா இருக்கிறார். நாமக்கல்லில் ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டு, அப்படியே பெரியம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்குவது எங்கள் குடும்பத்து வழக்கம்.

ஊர்ப் பெயரிலேயே எருமை இருக்கிறது. பெரியம்மா வீட்டுக் கட்டுத்தரையிலும் ஒரு எருமை இருந்தது. நாம் யாரையாவது சோம்பேறி என்று திட்ட வேண்டுமானால் என்ன சொல்கிறோம்? 'எருமை மாதிரி அசையாமல் நிக்கிறியே!' என்கிறோம். ஆனால், அந்த வீட்டில் கடிகாரமே அந்த எருமைதான். விடியற்காலை நாலரை, சாயங்காலம் நாலரை. இரண்டு வேளையும் பெரியம்மா போசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அது தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்க்கும்.

ஒருமுறை நான் கேட்டேன். "பெரியம்மா, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தள்ளிப் போனா என்ன ஆயிடும்? கொஞ்ச நேரம் தூங்குங்களேன்."

"நமக்கு ஒண்ணும் ஆவாது கண்ணு. அதுக்குத்தான் மடி கட்டிக்கும். நேரந் தப்புனாலும் அதுக்குத் தெரியும், ஆள் மாறுனாலும் தெரியும். பாலை மேல இழுத்து வெச்சுக்கும். சொரப்பே விடாது" என்றார் பெரியம்மா.

கால்நடை மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். மடியில் பால் இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும். கன்று வந்து முட்டுவது, பழகிய கை மடியைத் தொடுவது, பாத்திரத்தின் சத்தம் என்று தினமும் ஒரே ஒழுங்கில் நடக்கிற சங்கதிகள்தான் அந்தச் சுரப்பைத் தூண்டுகின்றன. பசுவைவிட எருமைக்குப் பால் இறங்கச் சற்று அதிக நேரம் பிடிக்கும். பயந்தாலோ, பழக்கம் மாறினாலோ அது பாலை அடக்கிக் கொள்ளும். ஆக, சோம்பலுக்கு உதாரணமாக நாம் சொல்கிற பிராணிதான் ஒழுங்கை இவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது.

அன்றைக்குப் பெரியம்மா இன்னொரு வார்த்தையும் சொன்னார். "போசிய எடுத்துக்கிட்டுப் போயி உக்கார்றது நம்ம வேலை கண்ணு. சொரப்பு விடறது அதோட மனசு. ஆனா நாம போசியில்லாமப் போனா, அது சொரந்துதான் என்ன பண்ணும் சொல்லு?"

சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். எனக்கு அதன் அர்த்தம் புரிய வெகு நாட்கள் பிடித்தன.

சாளக்கிராமத்தைச் சுமந்தவர் ஏன் நின்றார்?

நாமக்கல் தலபுராணத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கண்டகி நதியில் கிடைத்த சாளக்கிராமத்தைச் சுமந்துகொண்டு ஆகாய மார்க்கமாக வருகிறார் அனுமன். பொழுது விடிகிறது. நீராடி, சந்தியாவந்தனம் செய்ய வேண்டிய நேரம். கீழே கமலாலயக் குளம். அதன் கரையில் நரசிம்மரைத் தரிசிக்க வேண்டித் தவம் இருக்கிறாள் மகாலட்சுமித் தாயார். சாளக்கிராமத்தைத் தரையில் வைக்கக் கூடாதே! அதனால் தாயாரின் கையில் கொடுத்துவிட்டுக் குளத்தில் இறங்குகிறார். 'குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் கீழே வைத்துவிடுவேன்' என்கிறாள் தாயார். அவர் வரத் தாமதமாகிறது. சாளக்கிராமம் தரையைத் தொட்டு, பெரிய மலையாக வளர்ந்து நிற்கிறது. நரசிம்மர் காட்சி தருகிறார்.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தை நாம் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அனுமன் சுமந்து வந்தது யாரை? சாட்சாத் பகவானையே! 'கையிலேயே சுவாமி இருக்கும்போது இன்றைக்குச் சந்தியாவந்தனம் எதற்கு? ஒரு நாள் விட்டால்தான் என்ன?' என்று அவர் நினைக்கவில்லை. எவ்வளவு பெரிய காரியத்தில் இருந்தாலும், அன்றாட அனுஷ்டானத்துக்கு உரிய நேரம் வந்ததும் இறங்கிவிட்டார். அவர் இறங்கியதால்தான் இன்றைக்கு அங்கே நரசிம்மர் இருக்கிறார், நாமகிரித் தாயார் இருக்கிறாள், நமக்கு ஒரு திருத்தலமும் கிடைத்திருக்கிறது.

அந்த அனுமன்தான் 18 அடி உயரத்தில், மேற்கூரை இல்லாமல், வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு, நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார். அடுத்த முறை வடைமாலை தரிசனத்துக்குப் போகும்போது, 'இவர் தினசரிக் கடமைக்காக நின்றவர்' என்று ஒரு விநாடி நினைத்துப் பாருங்கள்.

பலனே சொல்லப்படாத கர்மா

செய்யும் கர்மாக்களை நம் பெரியோர் மூன்றாகப் பிரித்தார்கள். குழந்தை வரம், நல்ல மழை என்று ஒரு விருப்பத்தை முன்னிட்டுச் செய்வது காம்யம். கிரகணம், திதி என்று ஒரு காரணம் வரும்போது செய்வது நைமித்திகம். தினமும் செய்ய வேண்டியது நித்தியம்.

காம்ய கர்மாவுக்கு இன்ன பலன் என்று தெளிவாகச் சொல்கிற சாஸ்திரம், நித்திய கர்மாவுக்கு வரும்போது தனியாக ஒரு பலனும் சொல்வதில்லை! 'செய்தால் என்ன கிடைக்கும்?' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. செய்யாமல் விட்டால் குற்றம், அவ்வளவுதான். மீமாம்சை நூலார் கொள்கை இது. வேதாந்திகள் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள். நித்திய கர்மா சித்தத்தைச் சுத்தமாக்கும்.

இப்போது நம் அலுப்புக்கு வருவோம். 'தினமும் இதையே செய்து என்ன கண்டேன்?' என்கிறோம். தினமும் பாத்திரம் தேய்க்கிறோம், மறுநாள் அது மறுபடியும் அழுக்காகிறது. கோலம் போடுகிறோம், சாயங்காலத்துக்குள் அழிந்து போகிறது. விளக்கேற்றுகிறோம், எண்ணெய் தீர்ந்ததும் அணைகிறது. கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை.

மிஞ்சுவது வேறு இடத்தில் இருக்கிறது. இருபது வருஷம் கோலம் போட்டவளின் விரல்களுக்குள் புள்ளி தப்பாத நிதானம் உட்கார்ந்திருக்கிறது. இருபது வருஷம் விடிவதற்கு முன் எழுந்தவளுக்கு, வீட்டில் திடீரென்று யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலும் கைகால் பதறுவதில்லை. கோலம் அழிந்து போனது. போட்டவள் உருவாகியிருக்கிறாள். நித்திய கர்மாவின் பலன் செய்த பொருளில் இல்லை. செய்தவருக்குள் சேர்கிறது என்று நான் புரிந்துகொள்வது இப்படித்தான்.

கொல்லிமலை உச்சியில் அறப்பளீஸ்வரர் இருக்கிறார். அவரை விளித்து அம்பலவாணக் கவிராயர் பாடிய நூல் அறப்பளீசுர சதகம். இறைவனைப் பாடும் நூல்தானே, முழுக்க ஸ்தோத்திரமாக இருக்கும் என்று நினைத்து எடுத்தால் ஆச்சரியப்படுவீர்கள். நல்ல மனைவி எப்படி இருப்பாள், நல்ல பிள்ளை எப்படி இருப்பான் என்பதில் தொடங்கி, எந்தக் கிழமையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்பது வரை அதில் வருகிறது! எண்ணெய்க் குளியலைச் சுவாமியிடம் போய்ச் சொல்வார்களா? அவர் சொல்லியிருக்கிறார். அன்றாட வாழ்க்கை வேறு, ஆன்மிகம் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

மனசு வேண்டாமா?

'அதெல்லாம் சரி. மனசே இல்லாமல் கை மட்டும் செய்தால் அது யந்திரம்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சித்தர்களில் சிவவாக்கியர் இதைத்தான் காரசாரமாகக் கேட்டார். உள்ளே இருக்கும் இறைவனை உணராமல் வெளியே செய்யும் சடங்கால் என்ன பயன் என்று அவர் கேட்ட கேள்வி இன்றும் சுடுகிறது. அதைத் தட்டிவிட்டுப் போக முடியாது.

இதற்கு நான் இரண்டு நாயன்மார்களிடம் விடை தேடினேன்.

ஒருவர் சாக்கிய நாயனார். பௌத்தத் துறவியாகக் காஞ்சியில் இருந்தவர். சிவனே மெய்ப்பொருள் என்று தெளிந்த பிறகும் அந்த வேடத்தை மாற்றாமல் இருந்தார். ஒருநாள் வெட்டவெளியில் ஒரு சிவலிங்கத்தைப் பார்த்தார். ஆனந்தத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், அருகில் கிடந்த ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டார். மறுநாள் அதே இடம். நேற்று கல் எறிந்தது நினைவுக்கு வருகிறது. அதுவும் அவன் செயலே என்று தெளிந்து, தினமும் ஒரு கல் எறிந்த பிறகே உண்பது என்று நியமம் வைத்துக் கொண்டார்.

முதல் நாள் எறிந்த கல்லில் பரவசம் இருந்தது. அதற்குப் பிறகு எறிந்த அத்தனை கற்களிலும் அதே பரவசம் இருந்திருக்குமா? எனக்குத் தெரிந்து எந்த மனசும் தினமும் ஒரே உச்சத்தில் நிற்பதில்லை. ஆனால், கல் தினமும் போய் விழுந்தது. ஒருநாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். சட்டென்று நினைவு வந்தது. 'இன்றைக்குத்தான் தப்பிவிட்டதே, நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்' என்று இருந்துவிடவில்லை. சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். பசியோடு ஓடிவந்து எறிந்த அந்தக் கல்லுக்குத்தான் இறைவன் உமையம்மையோடு காட்சி கொடுத்தார் என்கிறது பெரிய புராணம். அவரை ஓடவைத்தது எது? அத்தனை நாள் பழக்கம்தானே!

இன்னொருவர் பூசலார் நாயனார். சென்னைக்குப் பக்கத்தில் திருநின்றவூரில் வாழ்ந்தவர். கையில் காசில்லை. அதனால் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். இவரிடம் வெளிச் சடங்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் மனசுதான் என்று தோன்றும். ஆனால், அவர் அதைக் கட்டிய விதத்தைப் பாருங்கள். மனசுக்குள் பொருள் சேர்த்தார், தச்சர்களைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டார், ராத்திரி பகலாக ஒவ்வொரு வரிசையாக எழுப்பினார், விமானம் முடித்து, சுதை வேலை செய்து, கிணறும் குளமும்கூட எடுத்தார். ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கை வேறு நாளுக்குத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் இந்த மனக்கோயிலுக்கு எழுந்தருளினார்.

கையால் கல்லெறிந்தவரும் சரி, மனத்தால் கோயில் கட்டியவரும் சரி, இருவரிடமும் இருந்தது விடாத ஒழுங்கு. கை தினமும் ஒரே இடத்துக்கு வந்தால், மனசு ஒருநாள் அங்கே தேடிக்கொண்டு வரும். கை வருவதே இல்லை என்றால், மனசு வரும்போது அதற்கு உட்கார இடமிருக்காது.

கணிதமேதை ஸ்ரீனிவாச ராமானுஜன் (1887-1920) குடும்பத்துக்கு நாமகிரித் தாயார்தான் குலதெய்வம். தன் கணிதச் சூத்திரங்கள் தாயார் அருளால் கனவில் கிடைத்தவை என்று அவர் சொல்வார். அதை நாம் பக்தியோடு நினைக்கிறோம். கூடவே நினைக்க வேண்டியது அவருடைய சிலேட்டை. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டிலேயே கணக்குப் போட்டு, துணியை எடுத்துத் துடைக்கக்கூடப் பொறுமையில்லாமல் முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதுவாராம். விடையை மட்டும் நோட்டில் குறித்து வைப்பார். தாயாரின் அருள் வரும்போது சிலேட்டு தயாராக இருந்தது. பெரியம்மா சொன்ன போசி இதுதான்!

எத்தனை நாளில் பழக்கம் ஆகும்?

மனத்தைப் பழக்குவது பற்றிப் பேசும்போது பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் மூன்று நிபந்தனைகள் வைக்கிறார். நீண்ட காலம் செய்ய வேண்டும். இடைவிடாமல் செய்ய வேண்டும். மரியாதையோடு செய்ய வேண்டும். மூன்றாவதுதான் சிவவாக்கியர் கேள்விக்கு விடை என்று நினைக்கிறேன். மனசு முழுக்க லயிப்பது நம் கையில் இல்லை. ஆனால், மரியாதை நம் கையில் இருக்கிறது. விளக்கை நன்றாகத் துடைத்து வைப்பது, செல்போனை வேறு அறையில் விட்டுவிட்டு வருவது, ஒரு நிமிஷமானாலும் அவசரமில்லாமல் நிற்பது... இவற்றுக்குப் பரவசம் தேவையில்லை. மரியாதை போதும்.

சரி, எத்தனை நாள் செய்தால் ஒன்று பழக்கமாகும்? நம்மவர்கள் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் என்று வைத்தார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி, 2009-ல் வெளியிட்டார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் உடற்பயிற்சி என்று ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே நேரத்தில், ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். அது யோசிக்காமலே நடக்கிற பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மட்டும் மிக அதிகம். 18 நாளில் முடித்தவரும் உண்டு, 254 நாள் வரை ஆகும் என்ற கணக்கும் உண்டு. தண்ணீர் குடிப்பது போன்ற சுலபமான காரியம் சீக்கிரம் படிந்தது. உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் ஆறுதல் தந்த விஷயம் வேறு. நடுவில் ஒருநாள் தவறிப் போனதால் பழக்கம் பாழாகிவிடவில்லை! 'விரதம் ஒருநாள் தப்பிவிட்டது, எல்லாம் வீண்' என்று நாம் மொத்தமாகக் கைவிடுகிறோமே, அதுதான் பெரிய நஷ்டம். தவறியது தெரிந்த அந்த நிமிஷத்திலேயே சாக்கிய நாயனார் எழுந்து ஓடினாரே, நமக்கு வழி அதுதான்.

ஆகவே தோழிகளே, புதிதாக ஒரு நல்ல பழக்கம் வேண்டுமானால் சின்னதாகத் தொடங்குங்கள். 'தினமும் ஒரு மணி நேரம் பாராயணம்' என்று தை வெள்ளியில் சபதம் எடுத்துவிட்டு, மாசியில் மறப்பதைவிட, விளக்கேற்றியதும் அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிப்பது நிலைக்கும். ராத்திரி அடுப்படியைத் துடைத்து முடித்ததும் அன்றைய செலவை நாலு வரியில் எழுதுவது நிலைக்கும். காய்கறி வாங்கப் போகும்போது ஒரு தெரு கூடுதலாக நடப்பது நிலைக்கும். ஏற்கெனவே விடாமல் செய்யும் வேலைகள் நமக்கு எத்தனையோ இருக்கின்றன. புதியதை அவற்றில் ஒன்றோடு முடிச்சுப் போட்டு, ஒரு மண்டலம் விடாமல் பாருங்கள்.

தாலியைக் கழற்றிக் கொடுத்தவர்

பழக்கத்தைப் பற்றி இவ்வளவு உயர்வாகச் சொல்லிவிட்டு, ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. ஒருவருடைய ஒழுங்கு பல நேரங்களில் இன்னொருவரின் முதுகில் நிற்கிறது.

திருக்கடவூரில் தினமும் குங்கிலியத் தூபம் போட்டவர் குங்கிலியக் கலய நாயனார். வறுமை வந்தது. குழந்தைகள் பட்டினி. அரிசி வாங்கி வரச் சொல்லி, அவர் மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுத்தார். நாயனார் வழியில் குங்கிலியம் விற்பவரைக் கண்டு, தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அவருடைய பக்தியை நாம் கொண்டாடுகிறோம். பசித்த குழந்தைகளோடு வீட்டில் காத்திருந்த அந்த அம்மையாரின் பெயரைப் பெரிய புராணம் சொல்லவில்லை. ஆனால், அன்றிரவு வீடு நிறையச் செல்வத்தைக் கொடுத்த இறைவன், அதை முதலில் கனவில் தெரிவித்தது யாரிடம் தெரியுமா? அந்த அம்மையாரிடம்தான்! அவர் எழுந்து பார்த்து, உணவு சமைத்துவிட்டுக் கணவர் வருகைக்காகக் காத்திருந்தார். யார் சுமந்தார் என்பது இறைவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் வீடுகளிலும் அப்படித்தான். கணவர் ஆறு மணிக்கு வாக்கிங் போகிறார் என்றால், ஐந்தே முக்காலுக்குக் காபி கலந்தவர் ஒருவர் இருக்கிறார். பெண் நேரத்துக்கு ஸ்கூல் வேனில் ஏறுகிறாள் என்றால், ரிப்பனை இஸ்திரி போட்டு வைத்தவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருடைய நல்ல பழக்கங்களுக்கும் அடியில் உங்கள் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை நீங்களே 'செக்குமாட்டு வேலை' என்று குறைத்துச் சொல்லாதீர்கள். அதே சமயம், எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டும் என்பதும் சாஸ்திரம் அல்ல. தண்ணீர் பிடித்து வைப்பது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, சாயங்கால விளக்குக்குத் திரி போடுவது என்று பிள்ளைகளுக்கும் கணவருக்கும் ஆளுக்கு ஒரு நித்திய கர்மாவைக் கொடுங்கள். மிஞ்சுகிற கால் மணி நேரத்தில் உங்களுக்கென்று ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள். அதைக் கேட்பது சுயநலம் இல்லை.

அன்றைக்கு மாலை நாலரை மணி

மறுபடியும் எருமப்பட்டிக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு பெரியப்பா திடீரென்று தவறிவிட்டார். மதியத்துக்குமேல் எடுத்தார்கள். ஆண்கள் எல்லாம் மயானத்துக்குப் போயிருந்தார்கள். பெரியம்மா ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பேசவில்லை. யார் கொடுத்தும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. எங்களுக்குப் பயமாகிவிட்டது.

மாலை நாலரை. கட்டுத்தரையில் எருமை கத்த ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அக்கா போசியை எடுத்துக்கொண்டு போனார். அது காலை உதறியது. கன்றை விட்டுப் பார்த்தார், தடவிக் கொடுத்துப் பார்த்தார். சுரப்பே விடவில்லை. கத்தல் மட்டும் அதிகமானது.

பெரியம்மா மெள்ள எழுந்தார். யாரையும் பார்க்காமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டுத்தரைக்கு நடந்தார். தினமும் உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்தார். மடியில் கை வைத்தார். பால் இறங்கியது. போசியில் அந்தச் சத்தம் கேட்டபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. கறந்துகொண்டே அழுதார். அந்தப் பாலைப் பக்கத்து வீட்டு அடுப்பில் காய்ச்சி, காலையிலிருந்து பட்டினி கிடந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பெரியம்மாவும் ஒரு டம்ளர் குடித்தார்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, சுவாமி மாடத்தில் மறுபடியும் விளக்கு எரிந்தது. ஊருக்குக் கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பெரியம்மா... எப்படி உங்களால விளக்கேத்த முடிஞ்சுது? சாமி மேல கோபம் வரலையா?"

"கோவம் வராமயா கண்ணு? கோவத்தோடதான் ஏத்தினேன். கும்பிடணும்னு தோணல. நேரமாச்சு, கை தானாத் திரியத் தேடுச்சு. ஏத்திப்போட்டு அப்பிடியே உக்காந்துக்கிட்டேன். கொஞ்ச நேரஞ் செண்டு, சண்டை போடறதா இருந்தாலும் இவன்கிட்டத்தானே போடோணும்னு தோணுச்சு."

மனசு லயிக்காமல் ஏற்றிய விளக்குக்குப் பலன் உண்டா என்று இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். அன்றைக்குப் பெரியம்மாவுக்கு மனசு லயிக்கவில்லை. மனசு என்று ஒன்று இருந்ததா என்றே தெரியாது. நாற்பது வருஷமாகக் குக்கர் விசிலுக்கும் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் அவசரத்துக்கும் நடுவே அவர் ஏற்றிய அத்தனை விளக்குகளும் சேர்ந்துதான் அன்றைக்கு அவர் கையைப் பிடித்து மாடத்துக்குக் கூட்டிப் போயின. நல்ல நாட்களில் பழக்கத்தை நாம் சுமக்கிறோம். நம்மால் முடியாத நாளில் அது நம்மைச் சுமக்கிறது.

ஆகவே, நாளைக் காலையும் குக்கர் விசில் அடிக்கும். மனசு ஓடும். ஓடட்டும். விளக்கை ஏற்றிவிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்கள். போசியை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான் நம் வேலை. சுரக்க வேண்டிய நேரத்தில் அவன் அருள் சுரக்கும்!